ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஒரு வரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பை முப்பது வருஷத்துக்கும் மேலாக வாங்கிப் படித்து வருகிறேன். காலையில் பேப்பர் வந்ததும் என் கண் முதலில் போவது உள்பக்கத்தில் ஓரமாக வரும் 'அணைகளின் நீர்மட்டம்' என்ற சிறு கட்டத்துக்குத்தான். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, கடனாநதி 85, ராமநதி 84, கருப்பாநதி 72, குண்டாறு 36, அடவிநயினார் 132. இந்த முழு மட்டங்கள் எனக்கு மனப்பாடம். இன்றைக்கு எத்தனை அடி, வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். ஏரலுக்குக் கிழக்கே, தாமிரபரணியின் வடகரையில் இரண்டு ஏக்கர் வாழை எனக்கு. வயது 66. என் அப்பா ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் மதகுகளைத் திறந்து அடைக்கிற லஸ்கராக வேலை பார்த்தவர்.

அந்தக் கட்டத்தில் ஒரு வரி கூடுதலாகப் போட வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டி இன்று காலை எத்தனை கன அடி தண்ணீர் போகிறது என்ற ஒரு வரி. முடிந்தால் அதன் கீழே எங்கள் பக்கத்துக் குளங்களின் மட்டமும். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும். பொறுத்துப் படியுங்கள்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமைச் சிறப்புப் பக்கத்தில் தாமிரபரணியைப் பற்றி ஒரு கட்டுரையும் வரைபடமும் போட்டிருந்தீர்கள். படம் அழகாக இருந்தது. பொதிகையில் தொடங்கி ஒரே நீலக் கோடு புன்னைக்காயலில் முடிகிறது. காரையாறு, பாணதீர்த்தம், பாபநாசம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி என்று ஊர் ஊராகப் பெயர் போட்டிருந்தார்கள். பாளையங்கோட்டைக்குப் பிறகு ஒரு சின்ன எழுத்தில் ஸ்ரீவைகுண்டம், அப்புறம் கடல். கட்டுரையும் அப்படித்தான் இருந்தது. நெல்லையைத் தாண்டியதும் இரண்டே வரியில் 'கடலில் கலக்கிறது' என்று முடிந்துவிட்டது. ஆற்றின் மொத்த நீளம் சுமார் 128 கிலோமீட்டர். நெல்லைக்குக் கீழே ஏறக்குறையப் பாதி ஆறு இன்னும் மிச்சம் இருக்கிறது. அந்தப் பாதியில்தான் நாங்கள் இருக்கிறோம்.

இந்த ஆறு ஒரு கோடு அல்ல என்பதை எனக்குப் பத்து வயதிலேயே அப்பா காட்டிக்கொடுத்தார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அவருக்குச் சோற்று வாளி கொண்டுபோவேன். அணைக்கட்டின் ஓரத்தில், தண்ணீர் வழிந்து விழுகிற இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி, ஆற்றைக் கைநீட்டிக் காட்டுவார். "ஏட்டி, தெளிஞ்சு வந்தா அணத் தண்ணி. செம்பழுப்பா கலங்கி வந்தா சித்தாத்துத் தண்ணி. அணத் தண்ணிக்குத் தெறக்கவும் அடைக்கவும் ஆள் இருக்கு. சித்தாத்துத் தண்ணிக்கு ஆளே கெடையாது, பாத்துக்கோ."

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. இந்த ஆற்றைப் பற்றி அதற்குப் பிறகு எவ்வளவோ கேட்டும் படித்தும் இருக்கிறேன். ஆனாலும் அப்பாவின் அந்த நாலு வாக்கியத்துக்கு மேலே யாரும் எனக்குப் புதிதாகச் சொல்லிவிடவில்லை.

அகத்தியர் மலை கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். அந்தப் பக்கத்துச் சோலைக்காடுகளில் ஊறி வருகிற நீர் பாபநாசத்து அடிவாரத்துக்குள் அந்த உயரத்தில் பெரும்பகுதியை இறங்கிவிடுகிறது. திருநெல்வேலி கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 50 மீட்டர்தான். அதாவது முதல் கொஞ்ச தூரத்தில் குதித்துக் குதித்து வந்த ஆறு, மிச்ச தூரம் முழுக்கத் தட்டில் ஊற்றிய கஞ்சி மாதிரி நகர்கிறது. மலையில் அது வேகமாக வரும், சீக்கிரம் போகும். எங்கள் பக்கம் மெதுவாக வரும், வந்தால் போகாது. வெள்ளம் என்ற ஒரே வார்த்தையை இரண்டு இடத்துக்கும் எழுதுகிறீர்கள். அம்பாசமுத்திரத்தில் அது ஒரு நாள். எங்கள் ஊரில் அது ஒரு வாரம்.

மழையும் அப்படியே. ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் ஒரு தூறல்கூட இருக்காது. மேற்கிலிருந்து அடிக்கிற காற்றுக்கு வாய் வறண்டுபோகும். ஆற்றுக்குத் தெற்கே சாத்தான்குளம் பக்கம் போனால் அந்தக் காற்று காலங்காலமாக அடித்துக் குவித்த செம்மணல் தேரி. ஆனால் அதே ஆனியில் கேரளத்துப் பக்கம் அடிக்கிற தென்மேற்குப் பருவமழை மலை முகட்டைத் தாண்டி இந்தப் பக்கமும் கொஞ்சம் கொட்டிவிடும். குற்றாலத்தில் சாரல் விழும். மழையே பெய்யாத எங்கள் ஊர் ஆற்றில் புதுத்தண்ணீர் வரும். சிறுவயதில் எனக்கு அது பெரிய அதிசயம். வானத்தில் மேகமே இல்லை, படித்துறையில் இரண்டு படி முங்கிவிட்டது. அதை நம்பித்தான் கார் என்கிற முதல் போக நெல் சாகுபடி. அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவில் நேராகவே அடிக்கும். அது பிசானம் என்கிற அடுத்த போக நெல்லுக்கு. இப்படி வருஷத்துக்கு இரண்டு முறை நீர் வாங்குகிற ஆறு என்பதால்தான் வற்றாத நதி என்று பெயர் வாங்கியது. கடைசியில் இருக்கிற எங்களுக்குக் காருக்குத் தண்ணீர் கிடைக்காத வருஷங்களும் உண்டு. அதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.

சேரும் ஆறுகளைச் சொல்கிறேன். காரையாறும் சேர்வலாறும் மலையிலேயே சேர்ந்துவிடும். மணிமுத்தாறு கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வந்து விழும். கடனாநதி, ராமநதியையும் சேர்த்துக்கொண்டு, திருப்புடைமருதூரில் கூடும். பச்சையாறு தருவைப் பக்கம். இவை எல்லாவற்றுக்கும் மலையடியில் அணை இருக்கிறது. பாபநாசம், மணிமுத்தாறு இரண்டும் ஒவ்வொன்றும் ஐந்தரை டி.எம்.சி. அளவு பிடிக்கும். உங்கள் கட்டத்தில் இருக்கிற எண்கள் இவைதான்.

அப்பா சொன்ன சித்தாறு, அதாவது சிற்றாறு, வேறு சாதி ஆறு. குற்றாலத்து மலையில் பிறந்து, தென்காசி, வீரகேரளம்புதூர், கங்கைகொண்டான் என்று வடக்கே தள்ளிச் சுற்றி, கரிசலும் செவலும் கலந்த காட்டு வழியாக வந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. மூன்று நீர் கூடுகிற இடம் என்பதால் அந்த ஊருக்கு முக்கூடல் என்று பழைய பெயர். சிற்றாற்றுக்கு வரும் கிளைகளில் குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி என்று அணைகள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்றையும் சேர்த்தாலும் மணிமுத்தாறு அணையின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு வராது. குற்றாலத்து அருவிகளில் விழுகிற நீரை நிறுத்த ஒன்றுமே கிடையாது. வழியில் பெய்கிற மழையை நிறுத்தவும் ஒன்றுமே கிடையாது. சீவலப்பேரிக்குக் கீழே ஆற்றில் இருப்பவை மருதூர் அணைக்கட்டும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டும்தான். அணைக்கட்டு என்று பெயர் இருந்தாலும் அவை அணை அல்ல. தண்ணீரைக் கால்வாய்க்குத் திருப்பிவிட ஆற்றுக்குக் குறுக்கே போட்ட கல்வரப்பு. மொத்தம் எட்டு அணைக்கட்டு இந்த ஆற்றில். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று ஏழும் பழைய அரசர்கள் காலத்தவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் காலத்தில், 1870களில் முடிந்தது. வெள்ளம் வந்தால் எட்டுக்கும் மேலே ஏறிப் போகும். யாரும் திறக்க வேண்டியதில்லை, யாராலும் அடைக்கவும் முடியாது.

ஆகவே உங்கள் கட்டத்தில் இருக்கும் எண்களெல்லாம் கதவு உள்ள தண்ணீரின் எண்கள். எங்களை முக்குகிற தண்ணீருக்குக் கதவு இல்லை. அதற்கு எண்ணும் இல்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இரண்டு வெள்ளத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

முதலாவது 1992 நவம்பர். அந்தத் தடவை மழை கொட்டியது மலையில். மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சியில் ஒரே நாளில் 96 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. மணிமுத்தாறும் பாபநாசமும் திறந்தார்கள். அப்பா அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் அணைக்கட்டு ஆபீசுக்கு சைக்கிளில் போய், மேலே எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள் என்று கேட்டு வந்தார். வந்ததும் வீட்டுக்குள் நுழையாமல் தெருவில் நின்றபடியே சொன்னார். "மாட்ட அவுத்துப் பெருங்கொளத்துக் கரைக்கு ஓட்டுங்க. ராத்திரிக்குள்ள தண்ணி வந்துரும்." வந்தது. வாழை போனது, வீட்டின் பின்சுவர் போனது, ஆனால் ஒரு ஆடுகூடச் சாகவில்லை. தண்ணீர் தலையிலிருந்து வந்தது. தலையில் எவ்வளவு என்று தெரிந்ததால் கால் தப்பித்தது.

இரண்டாவது 2023 டிசம்பர் 17. மார்கழி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. விடிகிறபோதே மழை. வாசலில் கோலம் போட முடியவில்லை என்று மருமகளுக்கு வருத்தம். நான் வழக்கம்போலப் பேப்பரைப் பிரித்து அணைகளின் கட்டத்தைப் பார்த்தேன். அதில் இருந்த எந்த எண்ணும் என்னைப் பயமுறுத்தவில்லை. 'மலையில் ஒன்றும் பெரிதாக இல்லை, பார்த்துக்கொள்ளலாம்' என்று நானே அக்கம்பக்கத்தில் நாலு பேருக்குச் சொன்னேன். லஸ்கர் மகள் சொல்கிறாள் என்று அவர்களும் நம்பினார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

அன்றைக்கு மழை மேலே மட்டும் இல்லை, எங்கள் தலைக்கு நேரே இருந்தது. மறுநாள் காலை வரையான இருபத்துநான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் மலை முகட்டில் பெய்த மழை, கிட்டத்தட்ட அதே அளவில், இந்தத் தடவை கடற்கரையில் பெய்தது. ஒரே ஆறு. அப்போது தலையில், இப்போது காலடியில்.

ஊரே தெற்கே திரும்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் முதலில் வந்தது வடக்கிலிருந்து. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகால் போகிற வழியில் வரிசையாகக் குளங்கள் இருக்கின்றன. பெருங்குளம், ஆறுமுகமங்கலம் என்று ஒன்றின் உபரி அடுத்ததற்குப் போய், கடைசியில் தூத்துக்குடிப் பக்கத்துக் கோரம்பள்ளம் குளம் வரை. தென்கால் பக்கம் கடம்பாகுளம் மாதிரிப் பெரிய குளங்கள். ஆற்றுத் தண்ணீரையே வாங்கி வைத்திருக்கிற குளங்கள் இவை. அவற்றின் மேல் இத்தனை மழை நேராக விழுந்தால் என்ன ஆகும்? உபரி வெளியேறுகிற மறுகால் போதவில்லை. சாயங்காலம் கொல்லைப்புறத்துக் கதவிடுக்கில் தண்ணீர் நுழைந்தபோது, மருமகள் தொட்டி நிரம்பி வழிகிறது என்று நினைத்து மோட்டாரை நிறுத்தப் போனாள். கரண்டே இல்லை, மோட்டார் எப்படி ஓடும்? அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

ஆறு அதற்குப் பிறகு வந்தது. சிற்றாறு கொண்டுவந்தது, பச்சையாறு கொண்டுவந்தது, அணைகள் விட்டது, வழியில் ஒவ்வொரு ஓடையும் கொட்டியது எல்லாமாகச் சேர்ந்து, ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டியது ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் என்று பிற்பாடு உங்கள் பேப்பரில்தான் படித்தேன். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் பயணிகளோடு நின்றுபோனது உலகத்துக்கே தெரியும். தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியெல்லாம் போய், தண்டவாளம் கொடிக்கயிறு மாதிரித் தொங்கியது. ஏரல் பாலமும் கடைத்தெருவும் போன கதையையும் எழுதினீர்கள். நாங்கள் இருபத்துமூன்று பேர், ஏழு ஆடு, பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் மூன்று நாள். அந்த மாடியில் ஒரு மூலையில் நின்று பார்த்தால் என் வாழைத்தோட்டம் இருக்க வேண்டிய இடம் தெரியும். ஆயிரத்து இருநூறு ஏத்தன் வாழை. பொங்கலுக்கு வெட்ட வேண்டிய தார். முதல் நாள் இலை நுனி தெரிந்தது. இரண்டாம் நாள் தெரியவில்லை. நான்கு நாள் பேப்பர் வரவில்லை.

தண்ணீர் வடியாமல் நின்றதற்கும் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஆறு பள்ளத்தில் ஓடவில்லை. காலங்காலமாகக் கொண்டுவந்து போட்ட வண்டலால் தன் கரையைத் தானே உயர்த்திக்கொண்டு மேட்டில் ஓடுகிறது. வயல்தான் பள்ளத்தில். கரையை மீறி வெளியே வந்த தண்ணீர் மறுபடி ஆற்றுக்குள் ஏற முடியாது. ரோட்டு மேடும் ரயில் மேடும் குறுக்கே நிற்கின்றன. வாழைக்கு மூன்று நாள் நின்ற தண்ணீரே போதும், கிழங்கு அழுகிவிடும். வடிந்த பிறகு பார்த்தால் என் ஒரு வயலில் முழங்கால் அளவு மணல், அடுத்த வயலில் சேறு. ஒரே வரப்புதான் நடுவில்.

இந்த நிலம் முழுக்கவே அப்படி உண்டானதுதான் என்று எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் 1984இல் கிணறு தோண்டினபோது இருபதடிக்குக் கீழே சாம்பல் நிறச் சேறும் அதில் கிளிஞ்சலும் இரண்டு முழுச் சங்கும் வந்தன. கிணறு வெட்ட வந்தவர்கள் பயந்து, தேங்காய் உடைத்த பிறகுதான் மறுபடி இறங்கினார்கள். கொற்கை எங்களுக்குப் பக்கத்து ஊர். பாண்டியர் காலத்து முத்துத் துறைமுகம். இன்று கொற்கையிலிருந்து கடலைப் பார்க்க ஆறேழு கிலோமீட்டர் போக வேண்டும். கடல் விலகியது என்று சொல்வார்கள். ஆறு மண்ணைப் போட்டுக் கரையைத் தள்ளிக்கொண்டே போனது என்று சொல்வதுதான் சரி. கொற்கை தூர்ந்ததும் துறைமுகம் காயலுக்குப் போனது. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்து பார்த்தது அந்தக் காயலை. அதுவும் தூர்ந்து, போர்த்துக்கீசியர் காலத்தில் புன்னைக்காயல். ஒரு துறைமுகத்தை இரண்டு முறை இடம் மாற்றிய ஆறு இது. அதன் கடைசிப் பாதியை ஒரு கோடாக வரைந்துவிட முடியுமா?

பழைய ஆட்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. தென்கரையில் ஆதிச்சநல்லூர், வடகரையில் எங்களுக்குப் பக்கத்துச் சிவகளை. இரண்டிலும் தாழிகளைப் புதைத்தது சரளை மேட்டில். நாங்கள் பறம்பு என்று சொல்கிற, உழுதால் கொழு தெறிக்கிற மேடு. சிவகளைத் தாழி ஒன்றில் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள். மூவாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் வண்டலில் நெல்லை விதைத்தவர்கள், செத்தவர்களைத் தண்ணீர் ஏறாத மேட்டில் வைத்திருக்கிறார்கள். எதை எங்கே வைக்க வேண்டும் என்று அளந்து வைத்திருந்தார்கள். 2023இல் எங்கள் தெருக்காரர்கள் சிலர் கடைசியில் ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு ஏறியது அந்தப் பறம்புப் பக்கம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கட்டுரையில் 'ஆண்டுதோறும் பெருமளவு நீர் வீணாகக் கடலில் கலக்கிறது' என்று இருந்தது. உங்கள் பேப்பரில் மட்டும் இல்லை, எல்லாப் பேப்பரிலும் இருக்கிறது. அந்த 'வீணாக' என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள். ஆற்றுத் தண்ணீர் கடல்வரை போகாத கோடையில் முக்காணி, ஆத்தூர் பக்கத்துக் கிணறுகளில் வாயில் வைக்க முடியாத உப்பு ஏறுகிறது. ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை நீங்கள்தான் முதல் பக்கத்தில் போட்டீர்கள். அந்தக் கொடிக்கால் வேருக்கு நல்ல தண்ணீர் வேண்டும். உப்பை நெஞ்சில் கைவைத்துத் தள்ளி நிறுத்துவது ஆற்றிலிருந்து கடலுக்குப் போகிற தண்ணீர்தான். புன்னைக்காயலில் என் சின்னம்மா மகளின் சம்பந்தி வீட்டார் மீன்பிடிப்பவர்கள். முகத்துவாரத்தில் புதுத்தண்ணீர் இறங்கினால்தான் இறாலும் மடவையும் கூடும் என்று அவர்கள் சொல்வார்கள். வெள்ள உபரியைக் கன்னடியன் பக்கத்திலிருந்து கால்வாய் வெட்டி, கருமேனியாறு, நம்பியாறு வழியாகச் சாத்தான்குளத்து வறண்ட பூமிக்குக் கொண்டுபோகும் திட்டத்தை நான் மனதார ஆதரிக்கிறேன். அந்த மக்களுக்கும் தண்ணீர் வேண்டும். ஆனால் கடலுக்குப் போகும் ஒவ்வொரு சொட்டும் வீண் என்று எழுதி எழுதி, கடலுக்கு எவ்வளவு போகிறது என்று அளந்து சொல்ல வேண்டிய தேவையே யாருக்கும் தோன்றாமல் போய்விட்டது. வீணானதை யார் எண்ணுவார்கள்?

அதனால்தான் அந்த ஒரு வரியைக் கேட்கிறேன். ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டுகிற தண்ணீரின் கணக்கு, வெள்ளக் காலத்தில் எங்கள் உயிருக்கு. கோடையில் அதே கணக்கு உப்புக்கும் கிணற்றுக்கும். வருஷம் முழுக்க உபயோகப்படும் எண் அது.

என் பேரன், "ஆச்சி, எல்லாம் போனிலேயே வருது, பேப்பர்ல எதுக்கு?" என்று கேட்கிறான். அவன் காட்டிய போனிலும் அணைகளின் மட்டம்தான் வருகிறது. போதாததற்கு வெள்ளத்தன்று டவரே இல்லை. பேப்பர் முந்தின நாளே வீட்டுக்குள் வந்துவிடும். டீக்கடையில் ஒருவர் வாசித்தால் பத்துப் பேர் கேட்பார்கள். தினமும் அந்த எண்ணைப் பார்த்துப் பழகியவளுக்குத்தான் ஒரு நாள் அது மாறும்போது வயிற்றைக் கலக்கும். நெல்லைக்காரர்களுக்குக் குறுக்குத்துறை முருகன் கோயில் இருக்கிறது. ஆற்றுக்குள் இருக்கிற அந்தக் கோயில் எவ்வளவு முங்கியிருக்கிறது என்று பார்த்து வெள்ளத்தின் அளவைச் சொல்லிவிடுவார்கள். டிவியிலும் அதைத்தான் காட்டுகிறார்கள். அது முங்கும்போது சிற்றாறு இன்னும் சேரவே இல்லை என்பதைத் தயவுசெய்து நினைத்துப் பாருங்கள்.

கணக்கு எடுப்பது ஒன்றும் புதிய வேலை இல்லை. அணைக்கட்டில் அளவுக்கல் இருக்கிறது. அப்பா காலத்தில் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பார்த்து எழுதுவார்கள், வெள்ளம் வந்தால் மணிக்கு ஒரு தடவை. ஆபீஸ் ரிஜிஸ்டரில் எழுதியதுபோக, அவர் தனக்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் எழுதி வைத்தார். அது 2023 வெள்ளத்தில் அலமாரியின் மேல்தட்டில் இருந்ததால் பிழைத்தது. அதிலிருந்து இரண்டு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு வரிதான். '12.11.78. காலை 6. கட்டுக்கு மேல் 2¼ அடி. கலங்கல். வடகால் 3 மதகு அடைப்பு. பெருங்குளம் மறுகால் போகுது.' ஆற்றின் உயரம், தண்ணீரின் நிறம், கால்வாய், குளம். நான் கேட்பது அதில் எல்லாமே இருக்கிறது. நிறத்தைப் பேப்பரில் போட முடியாது என்றால் சீவலப்பேரியில் சிற்றாறு எவ்வளவு கொண்டுவருகிறது என்று போடுங்கள். இரண்டும் ஒன்றுதான்.

நோட்டின் அசல் என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் நிருபர் யாராவது இந்தப் பக்கம் வந்தால் காட்டுகிறேன். கொடுத்தனுப்ப மனம் வராது, மன்னிக்கவும்.

ஆவணி பாதி போய்விட்டது. ஐப்பசி பிறப்பதற்குள் அந்த வரி வந்துவிட்டால் நல்லது. இந்த வருஷமும் ஏத்தன்தான் வைத்திருக்கிறேன், கன்று நட்டாயிற்று.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
ஏரல் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.